எட்டு முறை மறுக்கப்பட்ட கப்பல்

காலை ஏழரை மணிக்குக் கப்பல்காரர் அன்றைய செய்தித்தாளின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"பேப்பர் எங்கங்க?" என்று சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"இன்னும் வரலை."

"சைக்கிள் மணி கேட்டுச்சே."

"மணிதான் அடிச்சாரு. பேப்பர் போடலை."

மனைவி டீயோடு வந்து மேஜையின் மறுகோடியில் வைத்தாள். "எந்திரிச்சு எடுத்துக்குங்க, சூடா இருக்கு."

"இடுப்புல பிடிச்சுக்கிச்சு. இங்க குடு."

"இருங்க, தைலம் தேய்ச்சு விடறேன்."

"போயிடுச்சு. இப்பதான் விட்டுச்சு" என்று அவர் அவசரமாகச் சொல்லவும், நாற்காலியில் காகிதம் சரசரக்கவும் சரியாக இருந்தது. மனைவி ஒரு நிமிஷம் நாற்காலியைப் பார்த்தாள். அப்புறம் பால் பொங்கும் சத்தம் கேட்டு உள்ளே ஓடினாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முயன்றவர்கள் உலகத்தில் பலர். கப்பல்காரர் மறைக்க நினைத்தது ஐந்தாம் பக்கத்தில் வந்திருந்த நாலே வரிகளை. போர்க்காலத்தில் விதிக்கப்பட்டு அமலில் இருந்துவரும் தடை, அதாவது உள்நாட்டு வணிகக் கப்பல்களை வெளிநாட்டாருக்கு விற்கக் கூடாது என்ற தடை, நீக்கப்படுவதாக அரசு அறிவித்திருக்கிறது. அவ்வளவுதான் செய்தி. தெருவில் மற்ற யாருக்கும் அது அரைக்காசு பெறாத செய்தி. இவர் மட்டும்தான் அதன் மேல் உட்கார்ந்திருந்தார்.

காரணம் இருக்கிறது. அப்பா விட்டுப்போன பழைய சரக்குக் கப்பல் ஒன்று அவருக்குச் சொந்தம். சண்டைக்காலத்தில் நிலக்கரியும் தானியமும் சுமந்து நாட்டுக்கு உழைத்த கப்பல். சண்டை முடிந்ததும் பெரிய கப்பல்கள் வந்து சரக்கையெல்லாம் அள்ளிக்கொண்டு போக, இது பழைய துறையின் கடைக்கோடியில் கயிற்றைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டது. ஒன்பது வருஷமாக அங்கேயே நிற்கிறது. ஓடுகிற கப்பலுக்கே சரக்கு கிடைக்காத காலத்தில் ஓடாத கப்பலை உள்ளூரில் எவன் வாங்குவான்? வெளிநாட்டுக்காரன் யாராவது வாங்கினால் உண்டு. அதற்குத்தான் தடை இருந்தது. சண்டை முடிந்தும் அதை யாரும் எடுக்கவில்லை. தடை போடுவது யார் வேலை என்று சட்டத்தில் எழுதியிருந்ததே தவிர, எடுப்பது யார் வேலை என்று எழுதவில்லை.

அந்தத் தடையின் நிழலில்தான் கப்பல்காரர் சுகமாக வாழ்ந்துவந்தார். காலை ஒன்பது மணிக்குச் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்புவார். கேப்டன் அறையில் ஒரு சாய்வு நாற்காலி இருந்தது. அதில் சாய்ந்து பேப்பர் படிப்பார். பித்தளைக் கைப்பிடிகளைத் துடைப்பார். கப்பலில் மிச்சமிருந்த ஒரே சிப்பந்தியான இன்ஜின்காரரோடு சீட்டாடித் தோற்பார். பிறகு ஒரு குட்டித் தூக்கம். ஐந்தரைக்கு வீடு திரும்பி, "இன்னிக்கு வேலை ஜாஸ்தி" என்பார்.

மனைவிக்கு வேறு ஆசை. கடல் கண்ணுக்கே படாத தூரத்தில், மலையடிவாரத்தில், அவள் அப்பா விட்டுப்போன வீடு ஒன்று பூட்டிக் கிடந்தது. பக்கத்துத் தெருவிலேயே மகள் குடித்தனம். இங்கே உப்புக் காற்றில் அவளுக்கு வருஷத்தில் பாதி நாள் இழுப்பு. "இந்த ஓட்டைக் கப்பலை வித்துத் தொலைச்சுட்டுப் போயிடலாங்க" என்று அவள் சொல்லும்போதெல்லாம் அவர் அவள் கையில் அடித்து ஒரே வாக்கியத்தைச் சொல்வார்: "நான் என்ன, மாட்டேன்னா சொல்றேன்? தடை மட்டும் நீங்கட்டும், மறுநாளே வித்துடறேன்."

எட்டு வருஷமாகச் சொல்லிவந்த வாக்கியம் இப்போது அவருக்கு அடியில் சரசரத்துக்கொண்டிருந்தது.

மனைவி குளிக்கப் போனதும் அவர் எழுந்தார். எட்டுப் பக்கப் பேப்பரில் நடுத்தாள் ஒன்று குறைந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று அந்தத் தாளை மட்டும் உருவிச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். மீதியை அழகாக மடித்து வாசலில் போட்டார். "பேப்பர் வந்துடுச்சு" என்று குளியலறைப் பக்கம் குரல் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

முப்பத்தொரு வருஷம் குடித்தனம் நடத்தியும் அவருக்குத் தெரியாமல் போன விஷயம் ஒன்று உண்டு. மனைவி அந்தப் பேப்பரில் படிப்பதே ஒரு பக்கம்தான். குறுக்கெழுத்துப் போட்டி வரும் ஐந்தாம் பக்கம்.

சாயங்காலம் அவர் திரும்பியபோது கூடத்தின் நடுவே இரண்டு பெட்டிகள் வாயைத் திறந்துகொண்டிருந்தன. ஒன்றில் பாதிப் பாத்திரங்கள் ஏறியிருந்தன.

"மாடிவீட்டு அக்காகிட்ட பேப்பர் கடன் வாங்கினேன்" என்றாள் மனைவி. "நம்ம பேப்பர்ல நடுத்தாளையே காணோம். என்ன ஆச்சுன்னு தெரியலை."

"அச்சாபீஸ்ல விட்டிருப்பாங்க."

"அப்படித்தான் இருக்கும்." அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம் இருந்தது. எட்டு வருஷத்தில் அவர் அதைப் பார்த்ததில்லை. "தடை நீங்கிடுச்சாம். மறுநாளே வித்துடறேன்னு சொன்னீங்க. நாளைக்குத்தான் மறுநாள்."

"பேப்பர்ல என்னத்தையாவது போடுவாங்க. அதை நம்பிக் கப்பலை விக்க முடியுமா? ஆபீஸ்ல எழுத்து மூலமா குடுக்கணும்."

"அப்ப நாளைக்கு ஆபீசுக்குப் போங்க."

"போறேன்" என்றார் அவர். போவதற்கு அவருக்கும் ஒரு காரணம் இருந்தது.

கப்பல் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் தலைமை குமாஸ்தா அவருக்கு வேண்டியவர். கப்பலை விற்க அனுமதி கேட்டு ஒவ்வொரு வருஷமும் ஜனவரி மாதம் கப்பல்காரர் மனுப் போடுவார். மனைவியின் முன்னாலேயே மனு எழுதி, அவளையே சாட்சிக் கையெழுத்துப் போடவைத்து எடுத்துப் போவார். தலைமை குமாஸ்தா அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் 'தேச நலன் கருதி மறுக்கப்பட்டது' என்று முத்திரை குத்துவார். அப்புறம் இருவரும் டீ குடிப்பார்கள். மறுப்புக் கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து நீட்டும்போது முகத்தை எட்டு முழம் தொங்கவிட்டுக்கொள்வது மட்டும்தான் இவர் செய்ய வேண்டிய வேலை. எட்டு வருஷத்தில் எட்டுக் கடிதம். மனைவி அவற்றைக் கல்யாணப் படத்தோடு ஒரே உறையில் பத்திரப்படுத்தியிருந்தாள்.

மறுநாள் அலுவலகத்தில் அலமாரிகள் பாதி காலியாக இருந்தன. தலைமை குமாஸ்தா எழுந்துநின்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"உங்களைத்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன் சார். உங்க கவலை விட்டுது."

கப்பல்காரர் கதவைச் சாத்திவிட்டு நாற்காலியை அருகே இழுத்துப் போட்டார். "ஒரு உதவி பண்ணணும். ஒன்பதாவது தடவையா ஒரு மனு கொண்டுவந்திருக்கேன். வழக்கம்போல மறுத்துக் குடுத்துடுங்க."

"மறுக்கணுமா?"

"ஒரே ஒரு முத்திரை."

"அந்த முத்திரையை முந்தாநாள் வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்க சார். பையில போட்டு அரக்கு வெச்சு எடுத்துட்டுப் போனாங்க. பதினாலு வருஷம் அதைக் குத்தின கை. சாப்பிடும்போதுகூடத் தானா எந்திரிச்சு எந்திரிச்சு விழுது." குமாஸ்தா உண்மையிலேயே வருத்தத்தோடு தன் வலது கையைப் பார்த்துக்கொண்டார்.

"கையாலயாவது எழுதிக் குடுங்களேன்."

"அது எப்படி முடியும்? நீங்க உத்தரவை முழுசாப் படிக்கலை போல" என்று ஒரு காகிதத்தை எடுத்தார். "மூணாவது பிரிவு. 'தடைக்காலத்தில் மறுக்கப்பட்ட மனுக்கள் யாவும் அனுமதிக்கப்பட்டவையாகக் கருதப்படும்.' மத்தவங்கெல்லாம் ஒரு தடவை மனுப் போட்டுப் பார்த்துட்டு விட்டுட்டாங்க. ரெண்டு போட்டவங்க மூணு பேர். எட்டுப் போட்டவர் நாட்டிலேயே நீங்க ஒருத்தர்தான். கப்பலை விக்கறதுல உங்களை மாதிரி ஆசை யாருக்குமே கிடையாதுன்னு மேலதிகாரியே சொன்னாரு. பட்டியல்ல முதல் பேர் உங்களுது."

"என்ன பட்டியல்?"

"வெளிநாட்டுத் தரகர்களுக்கு அனுப்பற பட்டியல். நேத்தே போயாச்சு."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கப்பல்காரர் தன் கையால், அதுவும் வருஷத்துக்கு ஒரு தடவை தவறாமல், கெட்டிருக்கிறார்.

"மனுவை வாபஸ் வாங்கலாமா?"

"தாராளமா. சாட்சிக் கையெழுத்துப் போட்டவங்களும் கூட வந்து கையெழுத்துப் போடணும். யார் சாட்சி?"

கப்பல்காரர் மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். குமாஸ்தா டீ வரவழைத்தார். கிளம்பும்போது, பழகின தோஷத்துக்காக, எட்டு மனுவுக்கும் எட்டு அனுமதிக் கடிதங்களைத் தானே தட்டச்சு செய்து கையில் கொடுத்தனுப்பினார். ஒன்று போதும் என்று கப்பல்காரர் சொல்லிப் பார்த்தார், கேட்கவில்லை.

வீட்டில் மனைவி எட்டையும் வரிசையாக மேஜையில் பரப்பினாள். "உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டேனே" என்றாள். "மனசுக்குள்ள விக்க இஷ்டமில்லாமதான் இழுத்தடிக்கிறாரோன்னு ரெண்டு மூணு தடவை நினைச்சிருக்கேன். எட்டு அனுமதி வாங்கிட்டு வந்திருக்கீங்களே." அவள் கண் கலங்கிவிட்டது. அன்றிரவு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து வெளிநாட்டிலிருந்து ஆள் வந்துவிட்டார்.

வந்தவர் அறுபது வயது மதிக்கத்தக்க, உயரமான மனிதர். வெள்ளைத் தொப்பி, கையில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம். கூடவே அவர் மனைவி, நல்ல தாட்டியான அம்மாள். இருவருக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர். பாவம், அவருக்குக் கடுமையான ஜலதோஷம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் மூக்கை ஒரு தடவை சிந்திக்கொண்டு சொன்னார். வியாபாரம் முடிகிறவரை நகர்வதில்லை என்ற முடிவோடு கப்பல்காரரின் மனைவியும் துறைக்கு வந்திருந்தாள். பெண்கள் இருவரும் கப்பலுக்குள் வர மறுத்துவிட்டுக் கரையில் ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டார்கள்.

கப்பல்காரர் ஒரு திட்டம் வைத்திருந்தார். மனைவிக்குக் கொடுத்த வாக்கையும் காப்பாற்ற வேண்டும், கப்பலும் போகக் கூடாது. வாங்க வந்தவனே வேண்டாம் என்று ஓடிவிட்டால் பழி அவன் மேல். அதற்குப் பொய் சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. அந்தக் கப்பலின் பெயரைக் கெடுக்க உண்மையே போதும்.

"அடித்தட்டுல தண்ணி கசியும்னு சொல்லுங்க" என்று ஆரம்பித்தார். "தினமும் ரெண்டு மணி நேரம் பம்ப் அடிச்சு வெளியேத்தணும்."

மொழிபெயர்ப்பாளர் மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னார். வெள்ளைத் தொப்பிக்காரர் ஏதோ கேட்டார்.

"தினமுமான்னு கேக்கறாரு."

"தினமும்."

"ஞாயித்துக்கிழமைகூடவான்னு கேக்கறாரு."

"தண்ணிக்கு ஞாயித்துக்கிழமை தெரியுமா? லீவே கிடையாதுன்னு சொல்லுங்க."

வெள்ளைத் தொப்பிக்காரர் அதை நோட்டில் எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டுக்கொண்டார். முகத்தில் வருத்தம் தெரிந்த மாதிரி இல்லை. சரி, இது போதவில்லை என்று கப்பல்காரர் அடுத்ததற்குப் போனார்.

"பித்தளையெல்லாம் ரெண்டு நாள் விட்டா பச்சை பூத்துடும். யாராவது கூடவே இருந்து துடைச்சுக்கிட்டே இருக்கணும்."

வெள்ளைத் தொப்பிக்காரர் கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். மெதுவாகச் சிரித்தார்.

"சரக்குத் தட்டுல எலி. துருப் பிடிச்சு மூணு இடத்துல ஓட்டை. சுக்கான் இடது பக்கம் மட்டும்தான் திரும்பும்."

நோட்டில் பக்கம் திருப்பப்பட்டது. கப்பல்காரர் கடைசி ஆயுதத்தை எடுத்தார். "இன்ஜின் செத்துப்போச்சு. இனிமே இந்தக் கப்பல் ஓடவே ஓடாது."

இதைக் கேட்டதும் வெள்ளைத் தொப்பிக்காரர் தொப்பியை எடுத்துவிட்டு அவர் கையைக் குலுக்க வந்தார். அதற்குள் கீழேயிருந்து ஏணிப்படியில் தடதடவென்று சத்தம். இன்ஜின்காரர் ஏறிவந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன சொன்னீங்க முதலாளி? என் இன்ஜின் செத்துப்போச்சா?"

"நீ கீழ போய்யா."

"ஒன்பது வருஷமா எண்ணெய் போட்டு, திரி போட்டு, பிள்ளை மாதிரி வெச்சிருக்கேன். அதைப் போய் அந்நிய மனுஷன் முன்னால செத்துப்போச்சுங்கறீங்களே. நல்லா கேட்டுக்குங்க சார்" என்று மொழிபெயர்ப்பாளரின் பக்கம் திரும்பினார். "மூணு மணி நேரம் குடுங்க. நீராவி கட்டி ஓட்டிக் காட்டறேன்."

மொழிபெயர்ப்பாளர் ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். வெள்ளைத் தொப்பிக்காரரின் முகம் சப்பென்று விழுந்துவிட்டது. நோட்டை மூடினார். பேனாவைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"ஓடுமான்னு கேக்கறாரு. ரொம்பக் கவலையாக் கேக்கறாரு."

கப்பல்காரருக்கு அப்போதுதான் மூளையில் பொறி தட்டியது. ஆகா, இவன் கப்பலை ஓட்ட வாங்குகிறவன் இல்லை. உடைத்து இரும்பாக விற்கிறவன். செத்த மாடுதான் இவனுக்கு வேண்டும், உயிருள்ளது வேண்டாம். இத்தனை நேரம் வேலியில் போன ஓணானை நானேதான் எடுத்து மடியில் கட்டிக்கொண்டிருந்தேன் என்று நொந்துகொண்டார். ஒரு மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு வண்டியை அப்படியே திருப்பினார்.

"ஓடுமாவா? பறக்கும்னு சொல்லுங்க. நான் சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன். இந்தச் சுத்துவட்டாரத்துல இதுக்கு ஈடு கிடையாது. தண்ணி கசியறதெல்லாம் ரெண்டு ஆணி அடிச்சா நின்னுடும். எலியா? எங்க எலி? நான் பார்த்ததே இல்லை."

கரையிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த மனைவி எழுந்துநின்று, "இப்பத்தாங்க வியாபாரம் பேசறீங்க" என்று பெருமையோடு குரல் கொடுத்தாள்.

வெள்ளைத் தொப்பிக்காரர் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டு இறங்குபலகையைப் பார்த்தார். கப்பல்காரரின் நெஞ்சில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. ஆனால் அவர் போய்விட்டால் இன்னொரு உடைக்கிறவன் வருவான். ஓடுகிற கப்பல் என்று நாலு பேர் கண்ணால் பார்த்துவிட்டால் அந்த வகையறா யாருமே இந்தப் பக்கம் வர மாட்டார்கள்.

"போகச் சொல்லாதீங்க. ஓடறதைப் பார்த்துட்டுப் போகச் சொல்லுங்க" என்றார்.

புத்தி கெட்டால் இப்படித்தான். வந்த வினை தானாகப் போகப் பார்த்தது. இவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

மூன்று மணி நேரம் காத்திருந்தார்கள். டீ வந்தது, ரொட்டி வந்தது. கரையில் பெண்கள் இருவரும் ஒரே பாஷை பேசுகிறவர்களைப்போல் கையாலும் கண்ணாலும் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "நல்ல மனுஷி" என்று மனைவி நடுவில் ஒருதரம் இறங்குபலகை வரை வந்து சொல்லிவிட்டுப் போனாள். "கப்பலைக் காட்டினாலே முகத்தைத் திருப்பிக்கறாங்க."

ஒரு வழியாகப் புகைபோக்கியில் கறுப்புப் புகை தலைகாட்டியது. அதற்கு முன்னால் இரண்டு காக்கைகள் குடித்தனத்தைக் காலி செய்துகொண்டு பறந்தன. கப்பல் முழுவதும் ஒரு நடுக்கம் ஓடியது. அச்சு சுழல ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு என்று கப்பல்காரர் தன்னையறியாமல் எண்ணினார். ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் அந்தச் சத்தம். விற்பனை, மனைவி, வாக்கு எல்லாம் மறந்து அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. பதினொன்று என்று எண்ணினார். பன்னிரண்டு வரவில்லை. கீழே பெரிய அண்டாவைப் படியில் உருட்டிவிட்டதுபோல ஒரு சத்தம் கேட்டது. பிறகு எந்தச் சத்தமும் இல்லை.

முகமெல்லாம் கரியோடு இன்ஜின்காரர் ஏறிவந்தார்.

"முதலாளி," என்றார் தழுதழுத்த குரலில், "இப்பத்தான் செத்துப்போச்சு."

மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை. வெள்ளைத் தொப்பிக்காரர் பாய்ந்துவந்து இன்ஜின்காரரின் கரி படிந்த இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"இவரும் கூட வரணுமாம். ரிப்பேர் பார்க்க" என்றார் மொழிபெயர்ப்பாளர். "எத்தனை நாள் ஆகும்னு கேக்கறாரு."

"ராப்பகலா பார்த்தா ஆறு மாசத்துல எழுப்பிடுவேன்."

"ராத்திரியெல்லாம் வேண்டாமாம். அவசரமே இல்லைங்கறாரு."

கேப்டன் அறையில் மேஜையைத் துடைத்துக் காகிதங்களை விரித்தார்கள். இதற்காக மட்டும் மனைவியும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறிவந்து கதவோரம் நின்றாள். கப்பல்காரர் பேனாவை எடுத்தார், கீழே வைத்தார்.

"ஒரு நிபந்தனை எழுதணும்" என்றார். "கப்பலை உடைக்கக் கூடாது."

உடைக்கிறவனுக்கு இது சரியான அடி என்று அவர் நினைத்தார். ஆனால் மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடித்ததும் வெள்ளைத் தொப்பிக்காரர் பதறிப்போய் எழுந்துவிட்டார்.

"உடைக்கறதா, எதுக்குன்னு கேக்கறாரு. அப்படியொரு பாவத்தைச் செய்வேனாங்கறாரு." அவரே பேனாவைப் பிடுங்கி நிபந்தனையை எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

கப்பல்காரருக்குத் துக்கமாகவும் இருந்தது, ஒரு மூலையில் நிம்மதியாகவும் இருந்தது. கப்பல் எங்கேயோ முழுசாக இருக்கும். அவர் குனிந்துகொண்டே இருந்ததைப் பார்த்து மனைவிக்கு என்ன தோன்றியதோ, அருகில் வந்தாள்.

"அந்த நாற்காலியை மட்டும் எடுத்துக்கிட்டு வாங்க" என்றாள் மெதுவாக. "அங்க வாசல்ல பெரிய மரம் இருக்கு. நிழல்ல போட்டுக்கலாம்."

மொழிபெயர்ப்பாளர் இதையும் சொல்லிவைத்தார். வெள்ளைத் தொப்பிக்காரர் இரண்டே எட்டில் சாய்வு நாற்காலியின் முன்னால் போய் நின்றுகொண்டார்.

"நாற்காலி இல்லாட்டி கப்பல் வேண்டாமாம்."

"என்னது?"

"சுக்கான் வேணும்னா எடுத்துக்குங்க, நங்கூரம் வேணும்னா எடுத்துக்குங்க, நாற்காலியைத் தொடாதீங்கன்றாரு. அது இல்லாட்டி இப்பவே கிளம்பறாராம்."

கப்பல்காரர் நாற்காலியைப் பார்த்தார். இதோ வழி திறந்துவிட்டது. தர மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கப்பல் தப்பிக்கும், ஒன்பது மணி தப்பிக்கும், சீட்டாட்டம் தப்பிக்கும். நாற்காலியைக் கேட்டது அவளேதான், பழியும் தன் மேல் வராது. இத்தனை நாள் தேடிய சாக்கு தானாக வந்து மடியில் உட்கார்ந்திருந்தது.

அவர் மனைவியைப் பார்த்தார். ஏணி ஏறிய களைப்பில் அவளுக்கு மூச்சு வாங்கியது. ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மற்றக் கையில் மலையடிவாரத்து வீட்டுச் சாவி. இங்கேயும் கொண்டுவந்திருக்கிறாள். எட்டு வருஷமாக அவர் சொன்னதையெல்லாம் நம்பியவள் இப்போதும் நம்பிக்கொண்டுதான் நின்றாள். அவருக்குத் தன்னை நினைத்தே வெட்கமாக இருந்தது.

"நாற்காலி அவருக்கே இருக்கட்டும்" என்றார். கையெழுத்துப் போட்டார்.

மனைவி அவர் தோளில் ஒரு நிமிஷம் கை வைத்தாள். பிறகு வெளிநாட்டு அம்மாளிடம் நல்ல செய்தி சொல்லக் கரைக்கு இறங்கிப் போனாள்.

வெள்ளைத் தொப்பிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். காலை எதிரே இருந்த முக்காலியின் மேல் நீட்டினார். தொப்பியை இறக்கிக் கண்ணை மூடிக்கொண்டார். அடிவயிற்றிலிருந்து நீளமாக ஒரு பெருமூச்சு வந்தது. அந்தப் பெருமூச்சைக் கப்பல்காரருக்குத் தெரியும். தினமும் காலை ஒன்பதேகாலுக்கு அதே நாற்காலியில் அவரே விடுவது.

அவரால் பொறுக்க முடியவில்லை. மொழிபெயர்ப்பாளரின் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. உடைக்கவும் மாட்டாராம், ஓட்டவும் முடியாதாம். இந்தக் கப்பலை வெச்சுக்கிட்டு இவர் என்னதான் செய்யப்போறாரு?"

மொழிபெயர்ப்பாளர் கேட்டார். வெள்ளைத் தொப்பிக்காரர் கண்ணைத் திறந்தார். எழுந்துபோய் ஜன்னல் வழியாகக் கரையைப் பார்த்தார். மரப்பெட்டியின் மேல் அவர் மனைவியும் கப்பல்காரரின் மனைவியும் கையைக் கோத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஜன்னலைச் சாத்தினார், கதவையும் சாத்தினார். மொழிபெயர்ப்பாளரின் காதருகே குனிந்து வெகுநேரம் ரகசியக் குரலில் ஏதோ சொன்னார்.

மொழிபெயர்ப்பாளர் ஒரு தும்மல் போட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"வாங்கின கையோட வித்துடறேன்னு சம்சாரத்துக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்காராம் சார். ஆனா அவங்க நாட்டுல அந்தத் தடையை இன்னும் எடுக்கலையாம்."